வாய்ஸ் வீலேன்: சிசிஎன்ஏ தேர்வுக்கு நான் படித்த விதம்

வாய்ஸ் வீலேன் என்பது சுவிட்சுக்குள் ஐபி போன்களின் குரலுக்காகத் தனியாகப் பிரித்த நெட்வொர்க். சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏ 200-301 பாடத்திட்டத்தில் இதற்கென்று தனி அத்தியாயம் எதுவும் இல்லை. அக்சஸ் போர்ட் (கணினி, போன் போன்றவற்றைச் செருகும் சுவிட்ச் போர்ட்) பற்றிய ஒரு வரியில் ‘டேட்டா, வாய்ஸ்’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். படிப்பவர்களும் ஒரு கமாண்டை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இந்தச் சின்னப் பகுதியை நன்றாகப் பிடித்துக்கொண்டால் டிரங்க் (பல வீலேன்களைச் சுமக்கும் இணைப்பு), டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் முறை), பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம்), எல்எல்டிபி (பக்கத்துச் சாதனங்கள் தகவல் பரிமாறும் முறை), க்யூஓஎஸ் (டிராஃபிக்கில் முன்னுரிமை தருவது) எல்லாம் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பது விளங்கிவிடும்.

நான் கமாண்டில் தொடங்கவில்லை. சுவிட்சில் ஒரு ஐபி போனைச் செருகியதும் என்னென்ன நடக்கிறது என்பதை வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதலில் மின்சாரம்: 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். அடுத்து, சிடிபி (எல்எல்டிபி போன்ற சிஸ்கோவின் முறை) அல்லது எல்எல்டிபி-மெட் (போன்களுக்கான எல்எல்டிபி நீட்டிப்பு) வழியாகச் சுவிட்ச் போனிடம் ‘உன் பேச்சை வீலேன் 20 என்று டேக் (வீலேன் எண்ணைக் காட்டும் குறி) போட்டு அனுப்பு’ என்று சொல்கிறது. போன் அந்த வீலேனில் டிஎச்சிபி மூலம் ஐபி முகவரி கேட்கிறது. ஃபைல்களைத் தரும் டிஎஃப்டிபி சர்வரின் முகவரி டிஎச்சிபி பதிலின் ஆப்ஷன் 150-ல் வருகிறது. அங்கிருந்து கான்ஃபிகரேஷன் ஃபைலை இறக்கிக்கொண்டு அழைப்புகளை இணைக்கும் கால் சர்வரில் போன் பதிவாகிறது. இந்த வரிசை மனதில் நின்றுவிட்டால், போன் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம்.

கான்ஃபிகரேஷன் மூன்றே வரிதான்: ‘சுவிட்ச்போர்ட் மோட் அக்சஸ்’, ‘சுவிட்ச்போர்ட் அக்சஸ் வீலேன் 10’, ‘சுவிட்ச்போர்ட் வாய்ஸ் வீலேன் 20’. இரண்டு வீலேன் ஓடுகிறதே, அப்படியானால் இது டிரங்க் போர்ட்தானே என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். இல்லை, இது அக்சஸ் போர்ட்தான். போனுக்குள் ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கிறது. போனுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கணினியின் ஃபிரேம்கள் (தரவுத் துண்டுகள்) டேக் இல்லாமல் வந்து வீலேன் 10-ல் சேரும். போனின் ஃபிரேம்கள் 802.1க்யூ தரப்படியான டேக்குடன் வரும். ‘ஷோ வீலேன் பிரீஃப்’ போட்டால் அதே போர்ட் இரண்டு வீலேன்களிலும் தெரியும். ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க்’ பட்டியலில் தெரியாது. இந்த இரண்டு அவுட்புட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சந்தேகம் அதோடு தீரும்.

பாக்கெட் டிரேசர் என்ற சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளில் 7960 போனைப் போட்டால், பிசிக்கல் டேபில் பவர் அடாப்டரை இழுத்துச் செருக மறக்க வேண்டாம். போன் வேலை செய்ததும் நிறுத்திவிடாதீர்கள். இனிதான் படிப்பே. ஒவ்வொன்றாக வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். நெட்வொர்க்கின் மற்ற பகுதிக்குப் போகும் அப்லிங்க் டிரங்கின் அனுமதிப் பட்டியலிலிருந்து வீலேன் 20-ஐ எடுத்துவிட்டால், போனுக்கு மின்சாரம் இருக்கும், வீலேன் எண்ணும் தெரிந்திருக்கும், ஆனால் மறுமுனையில் இருக்கும் டிஎச்சிபி சர்வர் பதில் தராது. போர்ட்டில் சிடிபியை நிறுத்திவிட்டு, எல்எல்டிபியும் இல்லை என்றால், போனுக்குத் தன் வீலேன் எது என்றே தெரியாது. டேக் போடாமல் அனுப்பி, டேட்டா வீலேனிலிருந்து முகவரி வாங்கிக்கொள்ளும். போனின் திரையில் டேட்டா வரம்பு முகவரி தெரிந்தால் நேராக இங்கே வந்து பார்க்கலாம். போர்ட் செக்யூரிட்டியில் ஒரு போர்ட்டுக்கு அனுமதிக்கும் மேக் முகவரிகள் (சாதனங்களின் அடையாள எண்கள்) அதிகபட்சம் 1 என்றே விட்டிருந்தால், போனும் கணினியும் சேர்ந்ததும் போர்ட் எர்-டிசேபிள்டு ஆகி முடங்கிவிடும்.

க்யூஓஎஸ்ஸில் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வீலேனைப் பிரித்துவிட்டால் மட்டும் குரலுக்கு முன்னுரிமை கிடைத்துவிடாது. போன் குரல் பாக்கெட்டுகளுக்கு சிஓஎஸ் 5, டிஎஸ்சிபி 46 என்று முன்னுரிமைக் குறியிடுகிறது (சிஓஎஸ் ஃபிரேமில் வரும் குறி, டிஎஸ்சிபி ஐபி தலைப்பில் வரும் குறி). சுவிட்ச் அந்தக் குறியை நம்பி, முன்னுரிமை க்யூவில் விட்டால்தான் பலன். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஒரு அழைப்புக்கு 64 கேபிபிஎஸ் போதும், ஐபி தலைப்புகளோடு சேர்த்தால் சுமார் 80. அளவு சின்னதுதான், ஆனால் தாமதத்தைத் தாங்காது. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்ட், ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிசெகண்ட், இழப்பு 1 சதவீதம், இவற்றுக்குள் இருக்க வேண்டும் என்ற எண்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் ஒரு கேள்வியை முடித்துவிட்டால் திரும்பப் போக முடியாது. அதனால் லேப் கேள்வியில் கான்ஃபிகர் செய்த கையோடு ‘ஷோ இன்டர்ஃபேஸஸ்’ கமாண்டை அந்தப் போர்ட் எண்ணுடன், கடைசியில் ‘சுவிட்ச்போர்ட்’ சேர்த்து அடியுங்கள். ஆபரேஷனல் மோட் ஸ்டாட்டிக் அக்சஸ், அக்சஸ் மோட் வீலேன் 10, வாய்ஸ் வீலேன் 20, இந்த மூன்று வரியையும் கண்ணால் பார்த்துவிட்டு, கேட்டிருந்தால் சேவ் செய்துவிட்டு, அப்புறம் அடுத்த கேள்விக்குப் போங்கள்.