சின்னத் தலையும் ஒரு செல்லின் அவசரமும்

மூளை எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் அது நேரக் கணக்கு என்றுதான் சொல்வேன். கருவின் மூளையில் உள்ள மூலச்செல்கள் முதலில் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு, பிரியும் இரண்டில் ஒன்று நியூரானாக, அதாவது நரம்புச்செல்லாக, மாறி மேலே நகரும். நியூரானாகிவிட்ட செல் மறுபடி பிரியாது. இந்தத் திருப்பம் முன்கூட்டியே வந்துவிட்டால் மூலச்செல் இருப்பு தீர்ந்துபோய் மூளை சிறுத்துவிடும். மனித மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களும் இந்தக் கணக்கில் வந்தவைதான்.

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்தில் இதைச் சுண்டெலிக் கருக்களில் பார்க்கிறோம். முதல் வேலை நாள் குறிப்பது. காலையில் கூண்டைத் திறந்து, இரவில் இணை சேர்ந்ததற்கான அடையாளம் இருந்தால் அன்று நண்பகலைக் கருவின் அரை நாள் என்று எழுதிவைப்போம். சுண்டெலிக்கு மொத்தக் கர்ப்பமே 19, 20 நாள்தான். அதில் ஏறக்குறைய 11ஆம் நாளிலிருந்து 17ஆம் நாள் வரை பெருமூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், நியூரான்கள் பிறக்கின்றன. 12ஆம் நாள் பிறந்தவை அடி அடுக்கில் தங்கும். 15ஆம் நாள் பிறந்தவை அவற்றைத் தாண்டி மேலே போய் உட்காரும். ஒரு நாள் தள்ளிப்போனால் நாம் பார்ப்பது வேறு மூளை.

எடுத்த மூளையை உறைய வைத்து, கிரையோஸ்டாட் என்ற குளிர்சீவல் கருவியில் மைனஸ் 20 டிகிரியில் சீவ வேண்டும். ஒரு சீவல் சில மைக்ரான் கனம்தான். கத்தியிலிருந்து வரும்போதே சுருளும். ஓவியர்கள் வைத்திருக்கும் மெல்லிய தூரிகையால் அதன் ஓரத்தைப் பிடித்துப் பிரித்து, அறை வெப்பத்தில் இருக்கும் ஸ்லைடைக் கிட்டே கொண்டுபோனால், சட்டென்று உருகி ஒட்டிக்கொள்ளும். மூச்சு பட்டாலே பறந்துவிடும் என்பதால் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் செய்வோம். ஒவ்வொரு ஸ்லைடுக்குப் பின்னாலும் ஒரு தாய் எலியின் உயிர் இருக்கிறது. அதனால் ஒரு சீவலைக்கூட வீணாக்கக் கூடாது என்று புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

எங்கள் வேலையின் மையம் ஏ.எஸ்.பி.எம். என்ற மரபணு. செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர் அமைப்பின் முனையில் இதன் புரதம் நிற்கிறது. இதன் இரண்டு பிரதிகளும் பழுதானால் குழந்தை மைக்ரோகெஃபலியோடு பிறக்கும். தலை மிகச் சிறிதாக இருக்கும், மூளையின் அமைப்பு ஓரளவு சரியாகவே இருக்கும். பிரிட்டனில் லீட்ஸ் நகரத்து ஆய்வுக் குழு 2002இல் இதைக் கண்டுபிடித்தது, வட பாகிஸ்தானைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்கள் ரத்தம் கொடுத்ததால்தான். மனிதரில் இவ்வளவு பெரிய விளைவு தரும் இந்த மரபணுவை எலியில் நீக்கினால் மூளை லேசாகத்தான் சிறுக்கிறது. 2018இல் ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கில் நீக்கிப் பார்த்தபோது மூளையின் எடை 40 சதவீதம் வரை குறைந்தது. மடிப்புகள் கொண்ட மூளையை வளர்க்க மூலச்செல்கள் எவ்வளவு காலம் பெருகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதை எலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் புரிந்துகொள்ளவே முடியாது. அதனால்தான் இப்போது நோயாளியின் தோல் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் ஆர்கனாய்டுகளையும் (மூளைத் திசுவைப் போன்ற சின்னச் செல் உருண்டைகள்) நாங்கள் நம்பியிருக்கிறோம்.

இதெல்லாம் ஒரு பக்கம். தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையின் மரபணு ஆலோசனைப் பிரிவுக்கு நான் அவ்வப்போது போவதுண்டு. ஒரு முறை சின்னத் தலையோடு ஒரு பெண் குழந்தை. பேச்சு கொஞ்சம் தாமதம், ஆனால் யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற குழந்தை. பெற்றோர் இருவரும் அத்தை மகன், மாமா மகள். பாட்டி உட்கார்ந்ததும், "கிரகணத்தன்னிக்கு வெளிய போகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேம்மா, கேட்டாளா?" என்றார். மருமகள் எதுவும் பேசவில்லை. பிறகு தனியாக என்னிடம், "மேடம், நான் ஏதாவது ஒத்துக்காததச் சாப்பிட்டதாலயா?" என்று கேட்டார்.

அறிக்கையில் தெளிவாக இருந்தது: ஏ.எஸ்.பி.எம்.மில் ஒரே பழுது, அப்பாவிடம் ஒரு பிரதி, அம்மாவிடம் ஒரு பிரதி. இருவரிடமும் இன்னொரு நல்ல பிரதி இருப்பதால் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்தக் குறைபாடு வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "நீங்க எதுவும் பண்ணலம்மா. சாப்பாடும் இல்ல, கிரகணமும் இல்ல. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் சமமா வந்தது" என்று பாட்டிக்கும் கேட்கும்படியே சொன்னேன். வருடக்கணக்காக மைக்ரோஸ்கோப்பில் பார்த்த விஷயத்தை இவ்வளவு நேரடியாக ஒருவருக்குப் பயன்படுத்தியது அன்றுதான்.

தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் மணமுடிப்போர் 28 சதவீதம் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. "சொந்தத்துல ஏன் கட்டினீங்க?" என்று கேட்டு அனுப்புவது எனக்குப் பிடிக்காத வேலை. சொந்தத்தில் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான பிள்ளைகளே பிறக்கின்றன. திட்டுவதற்குப் பதிலாகப் பரிசோதனை எளிதாகக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். இந்த வகைக் குறைபாட்டில் 20 வார ஸ்கேனில் தலையளவு சரியாகவே தெரியக்கூடும். ஸ்கேனை மட்டும் நம்பினால் போதாது. பழுது எது என்று முன்பே தெரிந்திருந்தால் 11ஆம் வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துச் சொல்லிவிடலாம்.

அந்தக் குடும்பத்தில் குழந்தையின் சித்தப்பாவுக்கும் சொந்தத்திலேயே பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை இருவரையும் கூட்டிவந்தது பாட்டிதான். இருவருக்கும் ரத்தம் எடுத்தோம். மாப்பிள்ளைக்கு அந்தப் பழுது ஒரு பிரதி இருந்தது, பெண்ணுக்கு இல்லை. பாட்டி அறிக்கையைத் தானே கேட்டு வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்போ தை மாசம் வச்சுக்கலாமா?" என்றார்.