மெழுகுவத்தி அணைந்த பிறகுதானே தண்ணீர் ஏறுகிறது?

பதினொன்றாம் வகுப்புக்கு முதன்முதலாகச் சோடியத்தைத் தண்ணீரில் போட்டுக் காட்டிய நாள் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. மண்ணெண்ணெயிலிருந்து எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியால் ஒரு பட்டாணி அளவுக்கு நறுக்கினேன். அது எவ்வளவு பெரிய துண்டு என்று அப்போது தெரியவில்லை. கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் ஏற்கெனவே, காரம் பட்டால் இளஞ்சிவப்பாகிற பினால்ஃப்தலீனைச் சில சொட்டு விட்டிருந்தேன். துண்டு உருகி உருண்டையாகி அங்குமிங்கும் ஓடியது, ஓடிய வழியெல்லாம் இளஞ்சிவப்புக் கோடு, அப்புறம் மஞ்சளாக ஒரு தீ, கடைசியில் பட்டென்று வெடித்துத் தெறித்தது. ஒரு துளி முதல் பெஞ்சு வரைக்கும் வந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. வகுப்பே கைதட்டியது. அன்றைக்குச் சாயந்திரம் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது மனசு நிறைந்திருந்தது.

அடுத்த வாரம் சிறு தேர்வு வைத்தேன். அன்றைக்கு வெளிவந்த வாயு எது, தண்ணீர் ஏன் இளஞ்சிவப்பானது என்று இரண்டே கேள்விதான். பாதிப் பேருக்கு மேல் 'ஆக்சிஜன்' என்று எழுதியிருந்தார்கள். தீ எரிந்ததே, எரிய ஆக்சிஜன்தானே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இளஞ்சிவப்புக்கு 'அது சோடியத்தின் நிறம்' என்று பத்துப் பேராவது எழுதியிருப்பார்கள். ஹைட்ரஜன் வந்தது, சோடியம் ஹைட்ராக்சைடு உண்டானது, அந்தக் காரம்தான் நிறத்தை மாற்றியது என்று நான் சோதனையின்போதே சொல்லியிருந்தேன். சொன்னது யார் காதிலும் விழவில்லை, விழுந்திருக்கவும் முடியாது, எல்லோரும் அந்தத் தீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர்கள் யோசிப்பதற்கு நான் இடமே விடவில்லை என்பது புரிந்தது. கோயில் திருவிழாவில் வாணவேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரும் உடன் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்டது, இயற்பியல் வகுப்பில் நடந்தது. வகுப்பில் காட்டும் சோதனைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவுக்குக் காட்டவே இல்லை, ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் காட்டி விளக்கினார்கள், இன்னொரு பிரிவிடம் 'என்ன நடக்கும் என்று முதலில் நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டுக் காட்டினார்கள், வேறொரு பிரிவு தங்களுக்குள் பேசி விவாதிக்கவும் நேரம் கொடுத்தார்கள். வெறுமனே பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசமே இல்லை. முன்கூட்டியே ஊகித்தவர்கள் தெளிவாக முன்னால் நின்றார்கள். அதற்கு ஆன கூடுதல் நேரம் ஓரிரு நிமிடம்தான். இதைப் படித்தபோது என் சோடியம் வகுப்புதான் கண்முன் வந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. எந்தச் சோதனையாக இருந்தாலும், கையை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: என்ன நடக்கும், ஏன். பென்சிலில் எழுதக்கூடாது, அழிக்கக்கூடாது, தப்பானால் மதிப்பெண் குறையாது. அப்புறம் கை தூக்கச் சொல்லிக் கரும்பலகை ஓரத்தில் எண்ணிக்கையைக் குறித்து வைப்பேன். ஊகத்தை எழுதிவிட்ட பிள்ளை சோதனையைப் பார்க்கிற பார்வையே வேறு, கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்கும், ஏனென்றால் அதில் அதற்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

மெழுகுவத்தி சோதனையை எல்லோருக்கும் தெரியும். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே ஒரு கண்ணாடி பாட்டிலைக் கவிழ்த்தால் கொஞ்ச நேரத்தில் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். 'ஆக்சிஜன் தீர்ந்துபோனது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதற்கு இதுவே சான்று' என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் பல வருடம் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். ஊகம் எழுதும் பழக்கம் வந்த பிறகு, ஒரு பையன் தன் நோட்டில் 'மெழுகுவத்தி எரிய எரியத் தண்ணீர் மெதுவாக ஏறும்' என்று எழுதியிருந்தான். நியாயமான ஊகம். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் எரியும்போதே, தீரத் தீரத்தானே ஏற வேண்டும்? ஆனால் நடந்தது வேறு. எரியும்போது தண்ணீர் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறியது. அவன் எழுந்து, "டீச்சர், அணைஞ்ச பிறகுதானே தண்ணி ஏறுது? அப்போ ஆக்சிஜனை யார் எடுத்தா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன், நாளைக்குச் சேர்ந்து பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் ஒரே அளவில் மூன்று பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் கொண்டுபோனேன். ஒன்றில் ஒரு மெழுகுவத்தி, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. ஆக்சிஜன்தான் காரணம் என்றால் மூன்றிலும் தண்ணீர் ஒரே உயரம் ஏற வேண்டும், உள்ளே இருக்கிற காற்று ஒரே அளவுதானே. மூன்று மெழுகுவத்தி இருந்த பாட்டிலில் தண்ணீர் மற்ற இரண்டையும்விட நன்றாகவே உயர்ந்து நின்றது. இன்னொரு மாணவி பாட்டிலைக் கவிழ்க்கிற நேரத்தில் விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். அத்தோடு விஷயம் வெளியே வந்துவிட்டது. சுடர் காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எரிந்ததில் உண்டான நீராவி குளிர்ந்து நீராவதும் இதற்குக் கொஞ்சம் துணை. ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதும் கிடையாது. காற்றில் 21 சதவீதம் இருக்கிற ஆக்சிஜன் 16 சதவீதத்தை ஒட்டிக் குறையும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு வேறு வந்து சேர்கிறது.

அந்தப் பையன் கேட்காமல் இருந்திருந்தால் ஓய்வு பெறுகிறவரை தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அவன் கேட்டதற்குக் காரணம் அவன் முன்கூட்டியே ஒன்றை எழுதியிருந்தான், கண்முன் நடந்தது அதற்கு ஒத்துவரவில்லை.

இதே மாதிரி இன்னும் இரண்டு சோதனைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பை நிறையத் தண்ணீரில் கலக்கி ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துக்கொண்டால் சுண்ணாம்புத் தெளிநீர் தயார். ஸ்ட்ராவால் ஊதினால் பால்போல் வெளுக்கும், அதை எட்டாம் வகுப்பிலேயே பார்த்திருப்பார்கள். இப்போது ஒரு கோலி சோடாவை உடைத்து வைத்துக்கொண்டு, 'இதிலும் கார்பன் டை ஆக்சைடுதான் இருக்கிறது, இன்னும் நிறைய இருக்கிறது, இதை ஊற்றினால் என்ன ஆகும்?' என்று கேட்பேன். இன்னும் வெளுக்கும் என்றுதான் முக்கால்வாசிப் பேர் கை தூக்குவார்கள். ஊற்ற ஊற்றக் கலங்கல் மறைந்து தண்ணீர் தெளிந்துவிடும். கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறிவிட்டது. அதையே சூடு பண்ணினால் திரும்பவும் கலங்கும். "போர் தண்ணி காய்ச்சுற பாத்திரத்துல வெள்ளையா படியுதே டீச்சர், அதுவா இது?" என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார்கள். அதுவேதான்.

பன்னிரண்டாம் வகுப்பு உப்புப் பகுப்பாய்விலும் அதேதான். தாமிர உப்புக் கரைசலில் அம்மோனியா விட்டால் வெளிர்நீல வீழ்படிவு, அதாவது கரையாமல் அடியில் படிகிற பொருள், வரும். இன்னும் விட்டால்? வீழ்படிவு கூடும் என்பார்கள். கூடாது, கரைந்துபோய் அப்படியொரு ஆழ்ந்த நீலம் வரும், பட்டுப்புடவைக் கடையில்தான் அந்த நீலத்தைப் பார்க்க முடியும். 'அதிக அளவு சேர்த்தால் கரைகிறது' என்று செய்முறைப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது, தன் ஊகம் தப்பிப்போன பிள்ளைக்கு மறக்கவே மறக்காது.

தரம் பார்த்தல்தான், அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பதுதான், எனக்கு ரொம்ப நாள் மனவருத்தமாக இருந்தது. பியூரெட் என்கிற அளவுக்குழாயில் பெர்மாங்கனேட், கூம்புக் குடுவையில் பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாயால் அளந்தெடுத்த இருபது மி.லி. கரைசல், மூன்று முறை செய்து ஒத்த அளவு எடுக்க வேண்டும். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் காதில் விழுகிற முதல் பேச்சே "உனக்கு என்ன ரீடிங்?" என்பதுதான். வரவேண்டிய விடை முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது யார் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? முதல் ரீடிங்கை ஒழுங்காக எடுத்துவிட்டு மற்ற இரண்டை அப்படியே எழுதிவிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று இருக்கும்போது அந்த 20ஐப் பத்திரப்படுத்தத்தான் பார்ப்பார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் வருடத்தில் இரண்டு தடவையாவது, விடை எனக்கே தெரியாத ஒன்றைக் கொடுக்கிறேன். வெவ்வேறு கடையில் வாங்கிய வினிகர். பத்து மடங்கு நீர்க்கச் செய்து, இருபது மி.லி. எடுத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்க வேண்டும். லேபிளில் 4 சதவீதம் என்று போட்டிருந்தால் 13.3 மி.லி. வாக்கில் முடிய வேண்டும், அந்தக் கணக்கையும் அவர்களே போட்டு முன்கூட்டி எழுதிவிடுவார்கள். போன வருடம் ஒரு குழுவுக்கு 13.2 வந்தது, பக்கத்துக் குழுவுக்கு அதே பாட்டிலில் 11.8. ஒரே சண்டை. பிப்பெட்டைக் கழுவிவிட்டு, எடுக்கப்போகிற கரைசலால் ஒருமுறை அலசாமல் விட்டதுதான் காரணம் என்று ஆசிரியர் யாரும் சொல்லாமல் அவர்களே கண்டுபிடித்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த தண்ணீர் வினிகரை இன்னும் நீர்க்க வைத்துவிட்டது. 'பிப்பெட்டைக் கரைசலால் அலச வேண்டும்' என்று நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அந்த ஒரு நாளைக்கு முன்னால் அது வெறும் சொல்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீடியோ பார்த்துவிட்டுச் செய்து காட்டுகிற ஆர்வம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. மெத்தனாலில் உப்புகளைக் கரைத்து வரிசையாகக் கொளுத்தி வானவில் நிறம் காட்டுவதை யாரும் செய்யாதீர்கள். பாட்டிலிலிருந்து மெத்தனாலை மறுபடி ஊற்றும்போது தீ பாய்ந்து அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்கள் மோசமாகத் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். அதே நிறங்களை, உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியைப் பன்சன் சுடரில் காட்டினாலே பார்க்கலாம்: ஸ்ட்ரான்சியத்துக்குக் கருஞ்சிவப்பு, தாமிரத்துக்குப் பச்சை, பொட்டாசியத்துக்கு வெளிர் ஊதா. சோடியம் இப்போதும் செய்கிறேன், அரை அரிசி அளவுக்குமேல் எடுப்பதில்லை, தொட்டியை மூடியபடி, எல்லோரும் தள்ளி நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டுதான். வெடிப்பதில்லை. முன்னைவிட இப்போதுதான் அதில் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள்.

சரி, மெழுகுவத்தியைப் பற்றிக் கேட்ட அந்தப் பையன் அதோடு விடவில்லை. அப்படியென்றால் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று எப்படித்தான் அளப்பது என்று கேட்டான். இரும்பு துருப்பிடித்தால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், பதிலுக்கு வேறு வாயு வெளிவிடாது, சூடும் சொல்லும்படி இருக்காது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை ஒரு மாணவி கொண்டுவந்தாள், அது துருப்பிடிக்காத எஃகு, இரண்டு நாள் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஆய்வகத்து இரும்புத் தூளை ஈரமான சோதனைக் குழாயின் உட்புறத்தில் ஒட்டும்படி தூவி, தண்ணீரில் கவிழ்த்து, ஜன்னல் ஓரமாக வைத்தோம். வெள்ளிக்கிழமை வைத்தது. திங்கட்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு முன்பே ஆறேழு பேர் ஆய்வகக் கதவுக்கு வெளியே நின்றார்கள். 15 செ.மீ. குழாயில் தண்ணீர் 3 செ.மீ.க்கு ஒரு நூல் கூடுதலாக ஏறியிருந்தது.

இன்னும் ஒரு வாரம் அப்படியே விட்டால் மேலே ஏறுமா என்று கேட்டேன். 31 பேர் ஏறும் என்கிறார்கள், 12 பேர் நின்றுவிடும் என்கிறார்கள். எண்ணிக்கை இன்னும் கரும்பலகை ஓரத்தில் இருக்கிறது, வருகிற திங்கட்கிழமை அளக்கிறோம்.