நிறை ஏறாத குட்டி

திருகோணமலையில் பூனைக்கு மீன் கிடைக்காமல் போகாது. விடிந்ததும் சூடையும் கீரியும் ஒழுங்கை ஒழுங்கையாக விற்பனைக்கு வந்துவிடும். மீன் வெட்டும் இடத்தில் தலை, செவுள், குடல் எல்லாம் பூனையின் பங்கு. அப்படியிருந்தும் என் மாலைநேரக் கிளினிக்குக்கு வரும் குட்டிகள் பலவற்றின் முதுகெலும்பைத் தடவியே எண்ணிவிடலாம். கொண்டு வருபவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: "நல்லாத் தின்னுது டொக்டர், ஆனா உடம்பு பிடிக்குதில்லை."

பேராதனையில் மிருக வைத்தியம் படித்த காலத்தில் இந்த ஒரு குறைக்கு நீளமான பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தோம். குடற்புழு, கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணிகள், பிறவியிலேயே ஈரலுக்குள் போகாமல் சுற்றிப் போகும் இரத்தக் குழாய், இதயக் கோளாறு, வைரஸ்கள், சதையச் சுரப்புக் குறைவு என்று அது போகும். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் அதில் இருக்கும் ஒழுங்கில் பரிசோதனை செய்ய இங்கே யாரிடமும் காசும் இல்லை, அதற்கான வசதியும் பெரிதாக இல்லை. அதனால் என் ஒழுங்கு வேறு. முதலில் தராசு, அடுத்தது ஈறு, வயிறு, மலம். அப்புறம் கேள்விகள். உண்மையில் அதிக நேரம் போவது கேள்விகளில்தான்.

பிறக்கும்போது ஒரு குட்டி 100 கிராம் அளவில் இருக்கும். முதல் மாதங்களில் வாரத்துக்கு இன்னொரு 100 கிராம் ஏற வேண்டும். நாலு மாதத்தில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டி இரண்டை நெருங்கினால் நல்லது. நம்மூர்ப் பூனைகள் சிறிய உடம்புக்காரர் என்பதால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரே தராசில், ஒரே நேரத்தில், வாராவாரம் நிறுத்து எழுதினால்தான் குட்டி என்ன செய்கிறது என்று தெரியும். கேக் அடிக்கிற வீடு என்றால் தராசு இருக்கும். இல்லாதவர்களைக் கிளினிக்குக்கே கொண்டுவரச் சொல்வேன். நிறுத்துப் பார்க்கக் காசு வாங்குவதில்லை.

கேள்வி கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. குட்டியைக் கூடையில் வைத்து ஓட்டோவில் கொண்டு வருபவர் ஒருவர், அதற்குச் சாப்பாடு வைப்பவர் இன்னொருவர். "என்ன குடுக்கிறீங்க?" என்றால் "மீன்" என்று பதில் வரும். வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டால், சோற்றில் மீன் குழம்பை விட்டுப் பிசைந்து, முள் தொண்டையில் குத்தும் என்று பயந்து மீனை எடுத்துவிட்டு வைப்பதாகச் சொல்லுவா. குட்டி கோப்பையை நக்கி முடிப்பது உண்மைதான். ஆனால் வயிற்றுக்குள் போனது மீன் மணக்கும் சோறு. வளரும் குட்டியின் உணவில், தண்ணீரைக் கழித்துப் பார்த்தால், 30 சதவீதமாவது புரதம் வேண்டும்; அரிசியில் இருப்பது 7, 8 சதவீதம். ஒரு கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 200 கிலோகலோரியும் அதற்கு மேலும் தேவைப்படும். அவ்வளவையும் சோற்றில் எடுப்பதென்றால் 150 கிராமுக்கு மேல் விழுங்க வேண்டும். அந்தச் சின்ன வயிற்றில் அதற்கு இடம் ஏது?

இன்னொன்று டோரின் என்ற சத்து. பூனையின் உடம்பு இதைத் தனக்குப் போதுமான அளவில் செய்துகொள்ளாது, இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் வர வேண்டும். டோரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அதற்குப் பிறகு பைக்கற் உணவுக் கம்பனிகள் எல்லாம் அதன் அளவைக் கூட்டின. சோற்றுக்கு அப்படி யாரும் கூட்டுவதில்லை. பால்மாவைக் கரைத்துக் கொடுப்பதும் இங்கே வழக்கம். பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு அது செமிக்காது, கழிச்சல்தான் மிச்சம். கழிச்சலுக்குப் பனடோல் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அரைக் குளிசை போதும், பூனை செத்துப்போகும்.

சாப்பாட்டைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிகிற வீடுகள் உண்டு. தம்பலகாமத்தில் ஒரு வீட்டில் அதுகூடத் தேவைப்படவில்லை. மூன்று பூனைகளுக்கும் ஒரே தட்டில் வைத்தார்கள், பெரிய கடுவன் முதலில் தின்றது, குட்டி கடைசியில் வந்து தட்டைக் கழுவியது. குட்டியைக் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திச் சாப்பாடு வைக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

உப்புவெளிக் குட்டி அப்படிச் சுலபமாக முடியவில்லை.

கறுப்பு வெள்ளைக் கடுவன், நாலு மாதம், நிறை 1.1 கிலோ. ஆசிரியையாக இருக்கும் அம்மாவும் ஓ.எல். படிக்கும் மகளும் கொண்டு வந்தார்கள். ஃபார்மசியில் வாங்கிய மனிதர்களுக்கான பூச்சிக் குளிசையில் ஒரு துண்டு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. வீட்டில் பாட்டியின் முடிவு நாவூறு. உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போட்டிருந்தா. ஈற்றைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது பழைய கடதாசி நிறத்தில் இருந்தது. யோகட் கோப்பையில் கொண்டு வந்திருந்த மலம் தார் போலக் கறுத்திருந்தது. மேல் குடலில் இரத்தம் கசிந்து செமித்தால்தான் அந்த நிறம் வரும்.

மலத்தில் புழு முட்டை பார்ப்பதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சுடுதண்ணீரில் இனிக் கரையாது என்கிற அளவுக்குக் கறி உப்பைப் போட்டு ஆறவிட வேண்டும். அதில் கொஞ்ச மலத்தைக் கரைத்து, தேயிலை வடியில் வடித்து, சின்னப் போத்தலின் விளிம்பு வரை ததும்ப நிரப்பி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை மூடிவிட்டுக் கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். மலத்தின் சக்கை கீழே போகும், முட்டைகள் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். அந்தக் கண்ணாடியை நுணுக்குக்காட்டியில் வைத்தபோது கொக்கிப்புழு முட்டைகள் தெரிந்தன: மெல்லிய ஓடு, நீள்வட்டம், உள்ளே சின்னத் திராட்சைக் குலை மாதிரிக் கலங்கள். மகளையும் பார்க்கவிட்டேன். "இவ்வளவுமா?" என்றாள்.

கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்விப் பிடித்து இரத்தம் குடிக்கும். இடம் மாறும்போது பழைய கடிவாயிலிருந்தும் இரத்தம் வடிந்துகொண்டிருக்கும். ஒரு கிலோ உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே 60 மில்லிலீற்றர் அளவுதான் என்பதால் நாளுக்கு நாலைந்து துளி என்றாலும் அது பெரிய இழப்பு. நிறைக்கு ஏற்ற அளவில் பைரன்டெல் கொடுத்தேன். அந்த மருந்து குடலில் இருக்கும் புழுவை மட்டும்தான் கொல்லும், உடம்புக்குள் பயணத்தில் இருக்கும் குடம்பிகளை, அதாவது இளம் புழுக்களை, தொடாது. ஆகவே இரண்டு வாரத்தில் மறுபடியும் ஒரு தடவை. சோற்றைக் குறைத்து, அவித்து முள் நீக்கிய மீன், முட்டை, ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் கோழி ஈரல் என்று எழுதிக் கொடுத்தேன். வாராவாரம் நிறுத்து எழுதுவது மகளின் பொறுப்பு.

அவள் கெட்டிக்காரி. கொப்பியில் கோடு போட்டு, திகதி, நிறை, மலத்தின் நிறம் எல்லாம் எழுதினாள். 1.1 இலிருந்து 1.22, 1.36, 1.47. பாட்டிகூட நாவூறைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாவாம். அடுத்த இரண்டு வாரமும் 1.49, 1.48.

இந்த இடத்தில்தான் பட்டியலின் மறுபாதிக்குத் தாவத் தோன்றும். தொற்றும் இரத்தப் புற்று வைரஸ், எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸ், வயிற்றில் நீர் கோக்கும் கொரோனா வைரஸ் என்று வரிசை கட்டும். வயிற்றை அழுத்திப் பார்த்தேன், நீர் இல்லை. இதயத்தில் வேறு சத்தம் இல்லை. வாய் நாறவில்லை, வீணீர் வடியவில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளாடவும் இல்லை. இரத்தப் பரிசோதனைக்குச் செலவு செய்ய வைப்பதற்கு முன்னால் கொப்பியை மறுபடி பார்த்தேன். ஏறி, ஏறி, பிறகு நின்ற கோடு அது. பிறவிக் குறை என்றால் முதலிலேயே இப்படி ஏறியிருக்காது. மருந்து வேலை செய்திருக்கிறது. அதற்குப் பிறகு ஏதோ திரும்ப வந்திருக்கிறது. தோலால் நுழைந்த கொக்கிப்புழுக் குடம்பி குடலில் வளர்ந்து முட்டையிட மூன்று வாரம் அளவில் செல்லும். கணக்கு பொருந்தியது. உப்புத் தண்ணீரில் மறுபடி பார்த்தோம். மறுபடி முட்டைகள்.

"இவர் எங்கே வெளிக்குப் போறவர்?" என்று கேட்டேன். பூனைகளை "இவர்" என்று சொல்லும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"வளவுக்குள்ளதான் டொக்டர், எங்கையாவது" என்றா அம்மா.

"இல்லம்மா, பக்கத்து மண் கும்பியில" என்றாள் மகள்.

எல்லாரும் பூனையின் வாயைத்தான் பார்க்கிறார்கள். அது எங்கே தோண்டி, எதை மூடிவிட்டு வருகிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. கவனிப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பிள்ளைதான்.

நிலாவெளிப் பக்கம் ஒரு மாட்டைப் பார்க்கப் போகும் வழியில் அங்கே இறங்கினேன். பக்கத்து வளவில் பாதியில் நிற்கும் வீடு. மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்பும்போது வேலை நடக்கும், இல்லாதபோது நிற்கும். வாசலில் ஒரு லோட் மணல், கச்சான் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் நீலத் தறப்பாளால் மூடிக் கல் வைத்திருந்தார்கள். அது ஜூலை மாதம், வெளியே மண்ணில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. தறப்பாளின் ஒரு நுனியைத் தூக்கினேன். உள்ளே மணல் குளிர்ந்து ஈரமாக இருந்தது. அந்த ஒழுங்கையிலுள்ள பூனைகள் எல்லாம் அதைக் கண்டுபிடித்திருந்தன. ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள்.

கொக்கிப்புழு முட்டைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நிழல், சூடு, ஈரம், மணல். ஒரு வாரத்துக்குள் முட்டை பொரித்து, தோலைத் துளைக்கக்கூடிய குடம்பி தயாராகிவிடும். திறந்த வெயிலில் காய்ந்தால் அது தாங்காது. உப்புவெளியின் வெயில் செய்ய வேண்டிய வேலையைத் தறப்பாள் தடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் மருந்து கொடுக்கக் கொடுக்க, குட்டி தினமும் அங்கே போய்ப் பாதத்தால் புதிதாக வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு ஐயாவிடம் தறப்பாளை எடுக்கச் சொன்னால் மணல் போய்விடும் என்றார். ஒரு லோட் மணல் இப்போது என்ன விலை என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். கொஞ்ச நேரம் பேசி, மேல் மணலைக் கிளறி வெயிலில் காயவிட்டு, தறப்பாளுக்குப் பதிலாகப் பழைய மீன் வலையை இரட்டையாக மடித்துப் போர்த்துக் கட்டுவது என்று முடிவானது. வெயில் உள்ளே போகும், பூனை தோண்டாது. காற்றுக்குக் கொஞ்சம் மணல் போகும், பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டார். வலைக்கு இங்கே பஞ்சமா? குட்டிக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு பழைய பேசினில் காய்ந்த மணல். அழுக்கைத் தினமும் அள்ள வேண்டும். மருந்து குட்டிக்கு மட்டுமல்ல, தாய்ப்பூனைக்கும், அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துபோகும் மற்ற இரண்டுக்கும்.

கொப்பியில் கோடு மறுபடி ஏறத் தொடங்கியது. 1.6, 1.74. மாரி தொடங்கும் நேரம் இரண்டரைக் கிலோ. தடுப்பூசிக்குக் கொண்டு வந்தபோது பிடிக்க இரண்டு பேர் தேவைப்பட்டது.

அன்று வலை கட்ட உதவிய மேசன் தம்பி நான் வாகனத்தில் ஏறும்போது பின்னால் வந்து, "டொக்டர், மிருகத்துக்குத்தான் பாப்பீங்களா?" என்று கேட்டுக் காலைத் தூக்கிக் காட்டினார். பாதத்தின் பக்கவாட்டில், தோலுக்கடியில், நெளிந்து நெளிந்து போகும் ஒரு சிவப்புக் கோடு. ராவில் கடி தாங்க முடியாது என்றார். அந்த மணலைத்தான் வெறுங்காலோடு குழைத்திருக்கிறார்.

பூனை, நாய்களின் கொக்கிப்புழுக் குடம்பிகள் மனிதத் தோலுக்குள்ளும் நுழையும். பெரும்பாலானவற்றுக்கு அதற்கு மேல் போக வழி தெரியாது, தோலுக்குள்ளேயே அலையும். இலங்கையில் ஒரு புனுகுப் பூனையிலிருந்து எடுத்து 1911இல் முதலில் விவரிக்கப்பட்ட ஓர் இனம் மட்டும் மனிதக் குடல் வரை போய் முட்டையிடும் அளவுக்கு வளரக்கூடியது. எங்கள் குட்டியிடம் இருந்தது எந்த இனம் என்று முட்டையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மேசன் தம்பியை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டச் சொன்னேன், மணலில் பூனை தோண்டிய கதையையும் மறக்காமல் சொல்லும்படி. ஆசிரியை அம்மாவிடம், பிள்ளையின் மலத்தையும் ஒருக்கால் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டினா. மகள்தான், "யோகட் கோப்பையிலயா?" என்று கேட்டாள்.