பிரேக் ரீகால்: வேலையை முடித்து வாங்குவது எப்படி

பிரேக் ரீகால், அதாவது பிரேக் கோளாறைச் சரிசெய்து தர கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைக்கிறது என்று செய்தி வந்ததும் பலரும் மாடல் பெயரைப் பார்த்துப் பதறுகிறார்கள், அல்லது "நம்ம வண்டி இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. 2022 அக்டோபரில் மாருதி வேகன்ஆர், செலிரியோ, இக்னிஸ் மூன்றிலும் சேர்த்து 9,925 கார்களைத் திரும்ப அழைத்தது. பின்சக்கர பிரேக் அசெம்பிளியில் இருக்கும் ஊசி போன்ற ஒரு பாகம் உடைந்து சத்தம் வரலாம், போகப்போக பிரேக் பிடிப்பும் குறையலாம் என்பது காரணம். அத்தனையும் அந்த வருஷம் ஆகஸ்ட் 3 முதல் செப்டம்பர் 1 வரை தயாரானவை. அதே மாடல், அதே கலர், செப்டம்பர் கடைசியில் தயாரான வண்டிக்கு அந்த ரீகால் கிடையாது. அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும் சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆர்.சி.யில் 17 இலக்கத்தில் இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம், கோடாகத் தெரிவது ஒன்று. கம்பெனி இணையதளத்தில் "பதிவு இல்லை" என்று வருவதற்குப் பாதி நேரம் இந்தத் தட்டச்சுப் பிழைதான் காரணம். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கடிதத்துக்கோ எஸ்.எம்.எஸ்.ஸுக்கோ காத்திருக்க வேண்டாம். ஷோரூம் பதிவில் இன்னும் பழைய ஓனரின் நம்பர்தான் இருக்கும். கஸ்டமர் கேரில் சொல்லி முதலில் அதை மாற்றுங்கள்.

அடுத்த தலைவலி சர்வீஸ் சென்டர். ரீகால் வேலைக்குக் கம்பெனி தருவது முன்பே நிர்ணயித்த லேபர் தொகை. அதே லிஃப்டில் பெயிண்ட் வேலையோ பெரிய சர்வீஸோ ஏறினால் அவர்களுக்கு வருமானம் அதிகம். சனிக்கிழமை ஸ்லாட் கிடைக்காததன் ரகசியம் இதுதான். அம்பத்தூரோ கிண்டியோ ஓ.எம்.ஆரோ, வார நாளில் காலையிலேயே வண்டியை விடுவதுதான் நடக்கிற காரியம். மழை வெள்ளம் வந்துவிட்டால் கதையே வேறு: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நடந்ததுபோல், தண்ணீர் புகுந்த கார்கள் வரிசை கட்டினால் மற்ற வேலையெல்லாம் பின்னுக்குப் போகும். ஐப்பசிக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

போவதற்கு முன் போனில் ஒரே கேள்வி: "இந்த சேசிஸ் நம்பருக்குப் பார்ட் வந்து கையில் இருக்கா?" "வாங்க சார், பார்த்துக்கலாம்" என்றால் பார்ட் இல்லை என்று அர்த்தம். அறிவிப்பு முதலில், உதிரிபாகம் பிறகு என்பது எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். பார்ட் ஆர்டர் போட்ட நம்பரை வாங்கிக்கொண்டால் அடுத்த முறை பேச ஒரு பிடி இருக்கும். அதுவரை வண்டியை ஓட்டலாமா என்று மெயிலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டில் தீப்பிடிக்கும் ஆபத்து என்று வரும் ரீகாலில் நிறுத்தும் இடமும் முக்கியம். 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா இரண்டும் சுமார் 34 லட்சம் வண்டிகளை வீட்டை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னது இதனால்தான். எஞ்சின் ஆஃபில் இருந்தாலும் யூனிட்டுக்குள் ஷார்ட் ஆகலாம். நம்மூர் அடுக்குமாடியில் வீடுகளுக்கு நேர் கீழே ஸ்டில்ட் பார்க்கிங். அப்படி ஓர் அறிவிப்பு உங்கள் வண்டிக்கு வந்தால் அசோசியேஷனிடம் சொல்லி வெளியே இடம் கேளுங்கள்.

செய்யப்போகும் வேலையை சர்வீஸ் சென்டர் எழுதும் ஜாப் கார்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "ஜெனரல் செக்-அப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ரீகாலின் பெயரோ கோடோ அதில் இருக்க வேண்டும், தொகைக்கு நேரே பூஜ்யம் இருக்க வேண்டும். வாரண்டி முடிந்துவிட்டது, நம்மிடம் சர்வீஸ் விட்டதில்லை என்பதெல்லாம் ரீகாலுக்குப் பொருந்தாத காரணங்கள். "பேட் தேஞ்சிருக்கு, டிஸ்க் லேத்துல கொடுக்கணும், அதைப் பண்ணாதான் இதைப் பண்ண முடியும்" என்றால் தேய்மானத்தை மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையிலேயே தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது தனி ஜாப் கார்டு.

எந்த பாகம் மாறுகிறது என்பதைப் பொறுத்துத் தொடர் வேலை வரும். மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் பாகம்), ஹோஸ், ஏ.பி.எஸ். யூனிட் எதைக் கழற்றினாலும் லைனில் காற்று புகும். நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து, மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலைப் புதிதாக ஊற்ற வேண்டும். ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். அந்த ஆயிலும் ரீகால் செலவில்தான் சேரும், உங்கள் பில்லில் அல்ல. ஏ.பி.எஸ். யூனிட் மாற்றினால் பெடலை மிதித்து மிதித்து ஏர் எடுப்பது போதாமல் போகும். பல மாடல்களில் ஸ்கேனரைச் செருகி உள்ளே இருக்கும் வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். அதைத் தவிர்த்தால் டெலிவரி நேரத்தில் நன்றாக இருக்கும் பெடல், ஒருமுறை ஏ.பி.எஸ். வேலை செய்த பிறகு மெத்தென்று ஆகிவிடும்.

வண்டியை வாங்கும்போது அவர்கள் யார்டிலேயே பார்த்துவிடலாம். எஞ்சினை ஆஃப் செய்து பெடல் இறுகும்வரை மிதியுங்கள், மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கி நின்றால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்கிறது. காலை எடுக்காமல் அரை நிமிஷம் அழுத்தும்போது மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் பிடிக்கவில்லை. மிதிக்க மிதிக்க உயர்ந்தால் காற்று இருக்கிறது. சாவி போட்டதும் எரியும் ஏ.பி.எஸ். விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான். கழற்றிய பழைய பாகத்தைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், கொடுக்க மாட்டார்கள். காட்டச் சொல்லி, லேபிளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து சேசிஸ் நம்பரை மறுபடி போட்டுப் பாருங்கள். வேலை முடிந்தும் சிஸ்டத்தில் க்ளோஸ் பண்ணாமல் விடுவது சகஜம். விற்கும்போது அது பேரத்தைக் கெடுக்கும். இதன் தலைகீழ்தான் ஆபத்து: கை வைக்காத வண்டிக்கு "முடிந்தது" என்று பதிவு. அந்த நேரத்தில் ஜாப் கார்டு, போட்டோ, மெயில் மூன்றும்தான் சாட்சி.

இழுத்தடித்தால் கம்பெனி கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்குங்கள், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் கார் வாங்கிய விலையைப் பொறுத்தது: 5 லட்சம் ரூபாய் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ரீகாலே அறிவிக்காத பிரேக் கோளாறு என்றால் வழி வேறு. 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிப்படி, 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மத்திய அரசின் வாகன் தளத்தில் புகார் பதியலாம். ஒரே கோளாறுக்குப் போதுமான புகார்கள் சேர்ந்தால் ரீகால் செய்ய அரசே உத்தரவிட முடியும்.