மருந்துக் கடை பில்லும் கிழங்கு லோடும்

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் விளையும் உருளைக்கிழங்கை மண்டிக்கு ஏற்றினால் பருமன், தோல், அழுகல் பார்த்து விலை சொல்லிவிடுவார்கள். என்ன மருந்து அடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. சிப்ஸ் கம்பெனிக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கேள்விகள் வந்தன.

சில விதிகள் எனக்கு இன்றும் சிரிப்புதான். தோட்டத்து முனையில் ‘புகை பிடிக்காதீர்’ போர்டு வைக்கச் சொன்னார்கள். கிழங்கு பொறுக்க வருகிற பெண்கள் பீடி பிடிப்பதில்லை, வெற்றிலைதான். ஆனால் கண்ணாடி வளையல் கூடாது என்றது நியாயமானது. உடைந்த துண்டு கிழங்கோடு போனால் யார் கண்ணுக்கும் படாது. வளையலைக் கழற்றச் சொன்னால் கல்யாணமானவர்கள் ஒத்துக்கொள்வார்களா? வெயிலுக்காகச் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுவது வழக்கம்தானே, அதன் மணிக்கட்டுப் பித்தானைப் போட்டுக்கொள்வது என்று முடிந்தது.

பச்சை ஏறிய கிழங்கை எடுக்கவே மாட்டார்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையாகிற கிழங்கில் சோலனின் என்ற நச்சும் கூடுகிறது, வேகவைத்தாலும் போகாது. அதனால் கிழங்கு வெளியே தெரியாதபடி மண் அணைப்பதில் இப்போது யாரும் அசட்டையாக இருப்பதில்லை.

மருந்துக் கதைதான் பெரிது. பனியும் தூறலும் சேர்ந்தால் கருகல் நோய் சில நாளில் தோட்டத்தையே சுருட்டிவிடும், அடிக்காமல் இருக்க முடியாது. அடித்த தேதி, அளவு, அடித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கிற காத்திருப்பு நாள் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். ‘கிழங்கு மண்ணுக்குள்ள தானே இருக்கு, மருந்து எங்க படப்போகுது’ என்பார்கள் எங்கள் பெரியவர்கள். அப்படியென்றால் மண்ணிலேயே போடுகிற குருணை மருந்து? அதில் ஒன்றான போரேட்டுக்கு 2018இல் உத்தரவு வந்து, 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை.

நோட்டு எழுதுவது பழகிவிடும். கடைதான் பழகவில்லை. மருந்து வாங்கும்போது கடைக்காரர், “இதையும் கலந்து அடிங்கண்ணா, செடி நல்லா எழும்பும்” என்று ஒரு டானிக் பாட்டிலை நீட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிள் சொல்லாது. அப்படிப்பட்டவற்றில் பூச்சிமருந்தே கலந்திருப்பதும் உண்டு. நோட்டு சுத்தமாக இருக்கும், லேப் முடிவு வேறாக வரும், லோடு திரும்பும். அதனால்தான் கம்பெனி ஆபீசர் பேட்ச் எண் போட்ட பில் கேட்கிறார்.

சரி, வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? ரொக்கம் கொடுத்து வாங்குகிறவன் சொல்லலாம். எங்களில் பலருக்குக் கிழங்கு எடுக்கும்வரை கடையில் கடன் ஓடுகிறது. கடனில் வாங்குகிறவன் தோட்டத்துக்கு எது போகும் என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்கிறார். அவரிடம் போய், பில் போடு, இது வேண்டாம், அதை எடு என்று எந்த வாயால் கேட்பது? கிழங்கில் மருந்தின் மிச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று அச்சடித்துத் தருகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

விதைக்கு முன்பணம் தருகிற கம்பெனி மருந்துக்கும் கொடுத்தால் பாதித் தலைவலி போகும். கேட்டிருக்கிறோம். அடுத்த போகத்துக்குப் பார்க்கலாம் என்கிறார்கள்.