சிவப்புன்னா நான் கேக்கணுமா?

"நாளைக்கும் சிவப்புன்னு சொன்னா நான் கேக்கணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி" என்று போனில் கேட்டார், எங்கள் எச்சரிக்கை ஆடியோவைக் கேட்கும் ஒரு வள்ளக்கார மீனவர். "கேளுங்கண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்வது? ஆனாலும் அந்தப் பதில் சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று, கடலுக்கும் காட்டுக்கும் அபாய எச்சரிக்கை படித்து அனுப்பும் இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருசநாடு, மேகமலை, போடிப் பக்கம் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். குமரிக் கரையில், காற்றே இல்லாமல் திடீரென்று பெரிய அலை ஏறிவரும் கள்ளக்கடல் பருவம். இரண்டையும் காலையில் ஒரே இரண்டு நிமிட ஆடியோவில் அடைக்க வேண்டும். அன்றைக்குக் கடலுக்கு, ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்கோய்ஸிலிருந்து சிவப்பு, அதாவது உச்ச எச்சரிக்கை. மலையில் காற்றும் வறட்சியும் சேர்ந்து, எங்கள் கணக்கில் காட்டுத்தீ அபாயமும் சிவப்பு. "ரெண்டும் சிவப்புதானே, ஒரே வரியில சொல்லிடு. கடலுக்குப் போகாதீங்க, காட்டுக்குப் போகாதீங்க. விளக்கிட்டு இருந்தா யாரு கேப்பா?" என்றார் மேலாளர். அப்படியே படித்தேன்.

அதைக் கேட்டு அந்த மீனவர் அன்று கடலுக்குப் போகவில்லை. பக்கத்து வள்ளக்காரர்கள் போய் நல்ல மீனோடு திரும்பிவிட்டார்கள். அலை வந்தது, ஆனால் சாயங்காலத்துக்கு மேல், அதுவும் வேறு ஊரில்தான் தண்ணீர் ரோட்டைத் தாண்டியது. மறுநாள் காலையில் போன். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது என்றார். "வெளிய போயிட்டா ஒண்ணும் இல்ல தம்பி. கரை பிடிக்கிற நேரம்தான் சிக்கல். எத்தனை மணிக்கு வரும்னு சொன்னா அதுக்கு முன்னாடி வந்துருவேன்ல."

அவர் சொல்வது உண்மை. இந்த அலை இங்கே பிறப்பதில்லை. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல்காற்றில் கிளம்பி நாலைந்து நாள் பயணம் செய்து வருவது. இங்கே காற்றே இருக்காது. ஆழக்கடலில் வள்ளம் மெல்ல ஏறி இறங்கும், அவ்வளவுதான். கரைக்குப் பக்கத்தில் ஆழம் குறையும்போதுதான் அது எழும்பும். வந்த எச்சரிக்கையிலும் கரையோரம் சிறு படகுகள் வேண்டாம், நங்கூரமிட்ட படகுகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள், கடலில் குளிக்காதீர்கள் என்று பிரித்துத்தான் இருந்தது, மணிக்கணக்கோடு. நாங்கள் 'போகாதீங்க' என்று சுருக்கினோம்.

சுருக்கியது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஆடியோவை அவர் மட்டுமா கேட்கிறார்? 2024 மே 6 அன்று குமரியின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கடல் பார்க்க வருகிறவர்களிடம் போய் அலையின் நீளம், மணிக்கணக்கு என்று பேசினால் என்ன புரியும்? ஒரே சொல்தான் வேலை செய்யும். அப்புறம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30-க்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை என்ற பேச்சு இந்தக் கரையில் இன்னும் ஓயவில்லை. அதற்குப் பிறகு இந்த வேலையில் எல்லோருக்கும் ஒரே பயம்தான், 'சொல்லவில்லை' என்று பேர் வந்துவிடக்கூடாது. மேலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை.

என்னை உறுத்துவது அந்த இரண்டு சிவப்பையும் ஒன்றாக்கியதுதான். கடல் அலை ஏற்கெனவே கிளம்பிவிட்டது, வந்தே தீரும், எங்கே எவ்வளவு என்பதில்தான் சந்தேகம். காட்டுத்தீ அப்படி இல்லை. புல் காய்ந்திருக்கிறது, காற்று இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம். பெரும்பாலும் யாராவது ஒருவர் கையால்தான் அது பிடிக்கும். செயற்கைக்கோள் காட்டுவதும் பிடித்த பிறகுதான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, மலைக்குச் சிவப்பு என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. தீ வராவிட்டால் எச்சரிக்கை பலித்ததா, வெறுமனே போனதா என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சிவப்பால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று எழுத வந்தேன். அதுவும் உண்மையில்லை. மாடு மேய்க்கிறவர்கள், தேன் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எங்கள் நம்பர் இல்லை.

அடுத்து, கடலுக்குச் சிவப்புக்கு ஒரு படி கீழே உள்ள ஆரஞ்சு எச்சரிக்கை வந்த நாளில், மதியம் இரண்டரைக்கு மேல் கரை பிடிப்பது ஆபத்து என்று நேரத்தைச் சேர்த்துப் படித்தேன். பத்து விநாடி கூடிவிட்டது என்றார் மேலாளர். அதைக்கூட விடலாம். இரண்டரை என்று சொன்னால், அதுவரை போகலாம் என்றுதானே அவர் எடுத்துக்கொள்வார்? ஒரு மணிக்கே வந்துவிட்டால்? அவரிடம் கேட்கலாம் என்று நம்பரை எடுத்தேன். கேட்டால், நீங்கதானே தம்பி சொல்லணும் என்பார்.