ஆற்றுக்கு இடம் விடுவது

வெள்ளத்துக்கு உயரமான கரை, வறட்சிக்கு ஆழமான கிணறு: நீர் மேலாண்மை என்றால் இவ்வளவுதான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். நெதர்லாந்தின் அனுபவத்தைப் படித்த பிறகே அந்த எண்ணம் மாறியது. நூற்றாண்டுகளாகக் கரைகளை உயர்த்திக்கொண்டே வந்த அந்த நாட்டில், 1995-இல் ஆறுகள் பெருகியபோது ஏறத்தாழ 2,50,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதன்பின், கரையை மேலும் உயர்த்துவதோடு நில்லாமல், ஆற்றுக்கு அகன்ற இடம் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். நைமேகன் நகரில், ரைனின் கிளையான வால் ஆற்றின் கரை 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்தப்பட்டு, புதிய பக்கக் கால்வாய் வெட்டப்பட்டது.

இந்த அணுகுமுறை இன்று கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், காற்றில் தங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதனால் பெய்யும் மழை கொட்டித் தீர்க்கிறது, பெய்யாத நாள்களில் அதே காற்று மண்ணின் ஈரத்தை விரைவாக உறிஞ்சிவிடுகிறது. வெள்ளச் சமவெளியும் சதுப்பு நிலமும் மட்கு நிறைந்த மண்ணும் ஓடும் நீரைத் தாமதப்படுத்தி, ஒரு பகுதியை நிலத்துக்குள் இறக்குவதால், இவ்விரண்டு துன்பங்களையும் ஒருசேரத் தணிக்கின்றன.

ஆனால் மரம் நட்டாலே நீர் பெருகும் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. தென்னாப்பிரிக்கா 1995 முதல், நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பரவிய அயல்நாட்டுப் பைன், யூகலிப்டஸ், வாட்டில் மரங்களை வெட்டி அகற்றிவருகிறது. அவை ஓடைக்குச் சேர வேண்டிய நீரைக் குடித்துவிடுகின்றன என்பதே காரணம். அதேபோல், மழைநீரை உறிஞ்சும் நிலப்பரப்புகளை உருவாக்கிய சீனாவின் ஜெங்ஜோ நகரில், 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, அந்த ஏற்பாடுகளால் பேரழிவைத் தடுக்க முடியவில்லை. வடிகாலும் எச்சரிக்கை அமைப்பும் வேண்டாம் என்று சொல்ல இயற்கையைத் துணைக்கு அழைப்பது தவறு.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஆற்றுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான். நைமேகனில் ஏறத்தாழ 50 வீடுகள் இடிக்கப்பட்டன. நெதர்லாந்தின் ஓவர்டீப் என்னும் தாழ்நிலத்திலோ, உழவர்களே திட்டம் வகுத்தார்கள்: கரையைத் தாழ்த்திப் பெருவெள்ளத்தை வயல்களுக்குள் விடலாம், வீடுகளையும் தொழுவங்களையும் மேடுகளின்மீது கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அரசு அதை ஏற்றது. ஆயினும் எல்லோருக்கும் மேட்டில் இடம் இல்லை. சில குடும்பங்கள் வேறு ஊர்களுக்குச் சென்றன.